வசந்தப் பனியின் இரவுக் கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் அரபஹோ பேசின் என்றொரு பனிச்சறுக்கு ரிசார்ட் இருக்கிறது. அதன் அடிவாரமே கடல்மட்டத்திலிருந்து 3,286 மீட்டர் உயரம். உச்சி கிட்டத்தட்ட 3,980 மீட்டர். சுற்றுவட்டாரத்தில் பல ரிசார்ட்டுகள் ஏப்ரலில் கடையைக் கட்டிய பிறகும் இங்கே மே மாதம், சில ஆண்டுகளில் ஜூன்கூட, லிஃப்ட் ஓடும். அந்த வாரங்களில் லிஃப்டை ஒட்டிய வாகன நிறுத்தத்தின் முன்வரிசை 'பீச்' ஆகிவிடுகிறது. நண்பர் கூட்டங்கள் வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, மடக்கு நாற்காலி போட்டு, அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும். தோன்றும்போது எழுந்து போய் இரண்டு தடவை சறுக்கிவிட்டு வரும். பார்க்கிறவருக்கு எல்லாம் வெயிலின் தயவு என்றுதான் படும். ஆனால் அந்தப் பனி சறுக்கத் தக்கதாக இருந்ததற்கு முந்தைய இரவு வானம் தெளிவாக இருந்ததுதான் முதல் காரணம். பகலில் எத்தனை டிகிரி என்று பார்த்து நாள் குறிக்கிறவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள் என்பது என் வாதம்.

வானத்திலிருந்து விழும்போது பனித்துகள் பல சமயம் ஆறு கிளை விரித்த மெல்லிய உருவம். அது அப்படியே நீடிப்பதில்லை. கூரிய முனைகள் கரைந்து, பள்ளங்கள் நிரம்பி, சில நாட்களிலேயே உருண்டையை நோக்கிப் போகும். ஈரம் சேர்ந்தால் இந்த மாற்றம் வேகம் பிடிக்கிறது. சின்னஞ்சிறு மணியின் வளைவு அதிகம்; வளைவு அதிகமான பரப்பு, பெரிய மணியைவிட நூலிழை குறைந்த வெப்பநிலையிலேயே உருகும். ஆகவே நீரில் ஊறிய பனியில் சிறியவை கரைந்துகொண்டே போக, அந்த நீர் பெரியவற்றின் மேல் உறைந்து அவற்றை வளர்க்கிறது. பகலில் உருகி இரவில் உறைவது பல நாள் தொடர்ந்தால் மில்லிமீட்டர் கணக்கில் பருத்த மணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். பனி ஆராய்ச்சியாளர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கொத்திலும் மூன்று நான்கு மணிகளாவது தெரியும். இரண்டு மணிகள் தொடும் இடத்தில் கண்ணாடிக் கழுத்துபோல ஓர் இணைப்பு. அமெரிக்கச் சறுக்குவீரர்கள் 'கார்ன் ஸ்னோ' என்று கொண்டாடுவது இதைத்தான். இந்தக் கொத்துகள் ஏன், எப்படி உருவாகின்றன என்பதை 1970களிலும் 80களிலும் விளக்கியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் கோல்பெக். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள அமெரிக்க ராணுவத்தின் குளிர்பிரதேச ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்.

இந்தக் கொத்து எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதில்தான் சறுக்கின் சுகமும் ஆபத்தும் அடங்கியிருக்கின்றன. பனியின் கன அளவில் 3 சதவீதத்துக்குள் நீர் இருந்தால் அது ஈரப்பதமுள்ள பனி. கையில் எடுத்து அமுக்கினால் உருண்டை பிடிக்கும். 3 முதல் 8 சதவீதம் வரை போனால் ஈரப்பனி: மணிகளுக்கிடையே நீர் பளபளப்பது உருப்பெருக்கியில் தெரியும், ஆனால் மிதமாகப் பிழிந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. 8ஐத் தாண்டினால் அப்படிப் பிழிந்ததும் நீர் வடியும். 15ஐத் தாண்டினால் சேறுதான். இந்த எல்லைகள் சர்வதேசப் பனி வகைப்பாட்டில் உள்ளவை. கொஞ்சம் நீர் இருக்கும்போது அது மணிகள் தொடும் மூலைகளில் ஒதுங்கி நிற்கிறது. பரப்பு இழுவிசை மணிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. நீர் கூடினால் மூலைகள் ஒன்றோடொன்று இணைந்து இடுக்கெல்லாம் நிரம்பும். பிடித்து வைக்கும் வேலை நின்று, கழுத்துகள் கரையத் தொடங்கும். சறுக்குபவர் தேடுவது நடுவில் உள்ள குறுகிய நிலையை: மேலே இரண்டு மூன்று அங்குலம் இளகியிருக்க வேண்டும், கீழே இறுகியிருக்க வேண்டும். மேலே இளக்குவது வெயிலின் வேலை. கீழே இறுக்கி வைப்பது எது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும் பனி, அகச்சிவப்புக் கதிரில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. தன் வெப்பநிலைக்கு ஏற்ப வெளிவிடக்கூடிய கதிர்வீச்சில் 98 சதவீதத்துக்குக் குறையாமல் வெளிவிட்டுவிடும். பூஜ்யம் டிகிரியில் உள்ள பரப்பு ஒரு சதுர மீட்டரிலிருந்து ஏறக்குறைய 310 வாட் வெளியேற்றுகிறது. வானமும் திருப்பி அனுப்புகிறது. ஆனால் உயர்ந்த மலையில், வறண்ட, மேகமற்ற இரவில் அது 200 முதல் 230 வாட்டுக்குள்தான் இருக்கும். நிகர இழப்பு சுமார் 90 வாட். பத்து மணி நேரத்தில் 32 லட்சம் ஜூல் போய்விடுகிறது. ஒரு கிலோ நீர் உறையும்போது விடும் வெப்பம் 3.34 லட்சம் ஜூல். ஆக ஒரு சதுர மீட்டரில் ஒன்பது, பத்து கிலோ நீரை உறைய வைக்க அந்த ஓர் இரவு போதும். பனியில் 5 சதவீதம் நீர் இருந்ததென்றால் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை இறுகிவிடும். காற்றிலிருந்து வெப்பம் திரும்பச் சேர்ந்து இதில் பாதி வீணானாலும் 10 சென்டிமீட்டர் ஓடு மிஞ்சும். ஆள் ஏறி நிற்கலாம், சறுக்கலாம். இப்போது அதே இரவில் தாழ்ந்த மேகம் வந்து மூடிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகத்தின் அடிப்பரப்பும் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருந்தால், அது பனிக்குத் திருப்பித் தருவதும் 300 வாட்டுக்கு மேல். இழப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நேற்று உருகிய நீர் அப்படியே தங்கிவிடும். காலை ஏழு மணிக்கே கால் புதையும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. இரவில் குறைந்தபட்ச வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதா என்று வானிலை அறிக்கையில் பார்த்தால் போதாதா, வானத்தை எதற்கு இழுக்க வேண்டும் என்பது அது. வெப்பமானி அளப்பது தரையிலிருந்து ஆளுயரத்தில் உள்ள காற்றை. உறைவது தரையில் கிடக்கும் பரப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதற்குக் கொலராடோவரை போக வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் உதகமண்டலத்துக் குதிரைப் பந்தய மைதானத்தின் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலைகளில் காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே 2, 3 டிகிரி இருப்பதுண்டு. மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது என்பது அங்கே தேயிலையும் கேரட்டும் போடுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். மலைச்சரிவுப் பனிக்கும் இதே இயற்பியல்தான். காற்று 3 டிகிரியில் இருக்கும் தெளிந்த இரவில் பனி இறுகலாம். காற்று பூஜ்யத்துக்குச் சற்றே கீழே இருக்கும் மேகமூட்ட இரவில் மேலே மெல்லிய ஏடு மட்டும் படிந்து, அடியில் சேறு அப்படியே இருக்கலாம். காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. வறண்ட காற்றில் பனியின் மேலுள்ள நீர் ஆவியாகும். ஒரு கிராம் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஏழு கிராம் நீரை உறைய வைக்கப் போதும். ஈரக் காற்று வீசினால் நேர்மாறு: காற்றின் ஆவி பனிமேல் படிந்து, அதே வெப்பத்தைத் திருப்பிக் கொட்டிவிடும். ஆகவே குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்ப்பதில் தப்பில்லை, அதை மட்டும் பார்ப்பதில்தான் தப்பு. மேகமூட்டமும், காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைப் புள்ளியும் பக்கத்தில் இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

பகலுக்கு வருவோம். ஏப்ரல் நண்பகலில், தெளிந்த வானத்தின் கீழ், அந்த உயரத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழும். புதுப்பனி அதில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பருத்த மணிகளாகிவிட்ட வசந்தப் பனி 60 சதவீதத்தைத் திருப்பினாலே அதிகம். 400 வாட் உள்ளே இறங்குகிறது. வானத்துக்கு இழக்கும் 100 வாட்டைக் கழித்தால் 300 மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் அது மூன்று கிலோ பனியை உருக்கும். மேல் 5 சென்டிமீட்டரில் அந்த நீர் பரவினால் 6 சதவீதம். அதாவது முழு வெயிலில் ஒரு மணி நேரம் சறுக்குக்குக் கச்சிதம்; அடுத்த மணி நேரம் 8 சதவீதக் கோட்டைத் தாண்டி, அதற்கடுத்தது கீழே உள்ள ஓட்டையும் தின்னத் தொடங்கும். அனுபவசாலிகள் சொல்லும் 'ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான்' என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. வெயில் எல்லாச் சரிவுக்கும் ஒரே நேரத்தில் நேராக விழுவதில்லை. கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. தெரிந்தவர்கள் சூரியனுக்குப் பின்னாலேயே மலையைச் சுற்றி வந்து அந்த ஒரு மணி நேரத்தை மூன்றாக்கிக்கொள்வார்கள். எல்லாமே இரவில் ஓடு கட்டியிருந்தால்தான்.

எட்டு சதவீதத்துக்கு அப்பால் சறுக்குப் பலகை ஏன் இழுக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், ஏனெனில் இதில் ஒரு பழைய தவறான விளக்கம் பாடப்புத்தகங்களில்கூட உலவுகிறது. ஆளின் எடை பனியை அழுத்தி உருக்குவதால்தான் சறுக்க முடிகிறது என்பது அந்த விளக்கம். 80 கிலோ எடை இரண்டு பலகைகளில் பரவும்போது அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க 130 வளிமண்டலத்துக்கு மேல் வேண்டும். பலகை சில மணிகளின் உச்சியை மட்டுமே தொடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒத்துவராது. பவுடனும் ஹியூஸும் சுவிட்சர்லாந்தின் ஜுங்ஃபிராவ்யோக்கில் பரிசோதித்து 1939இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது: உராய்வின் சூடுதான் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பே இயல்பில் திரவம்போன்ற மெல்லிய அடுக்கைக் கொண்டது என்று ஃபாரடே அதற்கும் முன்னால் 1850இல் ஊகித்திருந்தார். குளிர்காலத்தில் இந்தப் படலம் போதாமல் போவது பிரச்சினை. வசந்தத்தில் மிகுந்துபோவது பிரச்சினை. படலம் தடித்துப் பலகையின் அடியெங்கும் ஒட்டிக்கொண்டால், நீரே இழுத்துப் பிடிக்கும். சரிவிலிருந்து வெயில் பட்ட சமதளத்துக்கு வரும்போது யாரோ பின்னாலிருந்து பலகையைப் பற்றியதுபோல் ஆள் முன்னே சாய்வது இதனால்தான். அடிப்பக்கத்தில் நீர் வெளியேற ஆழமான கோடுகள் செதுக்குவது, நீரை ஒட்டவிடாத மெழுகு பூசுவது ஆகியவை உதவும். மிகச் சிறப்பாக வேலை செய்த ஃபுளோரின் மெழுகு சூழலில் அழியாமல் தங்குவதால் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவம் முதல் அதைப் போட்டிகளில் தடை செய்துவிட்டது. எப்படியும், மெழுகு உராய்வைக் குறைக்கும். கரைந்த ஓட்டைத் திருப்பிக் கட்டாது.

இயந்திரம் இருக்கிறதே, உப்பு இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. உப்பு வேலை செய்வது உண்மைதான். ஈரப்பனியில் தூவினால் கொஞ்சம் பனியை உருக்கி, அதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள ஈரத்திலிருந்து பிடுங்கி, மீதியை இறுக்கும். ஒரேகனின் மவுண்ட் ஹூட் மலையில், கோடைப் பயிற்சித் தளங்களில் பல ஆண்டுகளாக இப்படித்தான் சறுக்குப்பாதை அமைக்கிறார்கள். ஆனால் அது போட்டிப் பாதை அளவுக்குத்தான் கட்டுபடியாகும். மலை முழுக்கத் தூவ முடியாது. சமன்செய்யும் வண்டிகள் இரவில் பனியைக் கிளறிப் பரப்புவது பரப்பை அதிகரித்து உறைவதற்கு உதவும், வானம் தெளிவாக இருந்தால். மேகமூட்ட இரவில் அவை சேற்றைச் சமன் செய்கின்றன, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது சுகத்தைப் பற்றி. அதே நீர் கீழே இறங்கினால் பனிச்சரிவு. 2005 மே 20 அன்று அரபஹோ பேசினில், ரிசார்ட் எல்லைக்குள்ளேயே, பல்லவிசினி என்ற செங்குத்துப் பகுதியில் ஈரப்பனி பாளமாகப் பெயர்ந்து சரிந்து ஒருவர் இறந்தார். ரிசார்ட்டுக்குள் ஸ்கீ பேட்ரோல் பார்த்துக்கொள்ளும், நமக்கேன் இந்தக் கணக்கு என்பவர்களுக்கு இது ஒரு பதில். பேட்ரோல் காவலர்கள் வெடி வைத்து உலர்ந்த பனியைக் குளிர்காலத்தில் திறம்படக் கீழே இறக்கிவிடுகிறார்கள். நீர் எந்த அடுக்கை எப்போது எட்டும் என்பதை வெடி வைத்துக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. இந்தச் சம்பவம் என் வாதத்துக்கும் ஒரு திருத்தம் போடுகிறது. பல்லவிசினி வடக்கு நோக்கிய சரிவு. வெயில் குறைவாகப் படும் இடம் பத்திரமானது என்று தோன்றும். உண்மையில் அங்கே குளிர்காலத்து அடுக்குகள் மே மாதம்வரை பழையபடியே இருக்கும். முதன்முறையாக நீர் இறங்கும்போது பலவீனமான அடுக்கில் தேங்கி, அதை அறுத்துவிடும். பல வாரம் உருகி உறைந்த தெற்குச் சரிவிலோ நீருக்கு வடிகால்கள் ஏற்கெனவே உண்டாகியிருக்கும். ஆகவே ஒரே ஓர் இரவைப் பார்த்தால் போதாது. அந்தச் சரிவு இதற்கு முன் எத்தனை இரவுகள் உறைந்தது என்பதும் தேவை. ஓர் இரவு உறையாமல் போவதைவிட, அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவுகள் உறையாமல் போவதற்கு அதிகம் அஞ்ச வேண்டும். நேற்றைய நீர் தங்கியிருக்க, இன்றைய நீர் அதன்மேல் சேர்கிறது.

இங்கேதான் நண்பர்கள் குறுக்கே வருகிறார்கள். தனியாகப் போகிறவர் காலை ஆறரைக்குப் பூட்ஸ் நுனியால் பனியைக் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆறு பேர் மூன்று மாதத்துக்கு முன் விடுப்பு போட்டு, அறை எடுத்து, ஒருவன் விமானத்தில் வந்திருக்கிறான் என்றால் கணக்கு மாறுகிறது. இயன் மெக்கேமன், 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் போனவர்கள் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார். பழகிய இடம் என்ற தைரியம், குழுவில் நல்ல பெயர் எடுக்கும் ஆசை, போட்ட திட்டத்தை விடாத பிடிவாதம், 'அவருக்குத் தெரியும்' என்று ஒருவரை நம்புவது, மற்றவர்கள் முந்திவிடுவார்களோ என்ற பரபரப்பு முதலான மனப்பொறிகள் இருந்த இடங்களில், கண்ணெதிரே ஆபத்து அறிகுறிகள் இருந்தும் குழுக்கள் இறங்கியதை அவர் காட்டினார். இந்த ஆய்வின் மீது வைக்கப்படும் விமர்சனம் சரியானது: விபத்தில் சிக்கியவர்களை மட்டுமே எடுத்தால், அதே மனநிலையோடு போய்ப் பத்திரமாகத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, எனவே எந்தப் பொறி எத்தனை மடங்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசந்தப் பனியின் விஷயத்தில் அந்த விகிதம் நமக்குத் தேவையே இல்லை. குளிர்காலத்தில் ஒரு கூட்டம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் பெரும்பாலும் பனி அதே பனிதான். ஏப்ரலில் மேலே போட்ட கணக்குப்படி மணிக்கு மூன்று கிலோ நீர் சேர்கிறது. காபிக்காகக் காத்திருந்த ஒருவர், மெழுகு பூச மறந்த இன்னொருவர், இவர்களுக்காகச் செலவான நேரம் சரிவையே வேறொன்றாக்கிவிடும். கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் முந்தைய மாலையே பேசி முடிப்பது நட்புக்குக் கசப்பானதுதான். காலையில் சரிவின் உச்சியில் நின்று பேசுவதைவிடக் கசப்பு குறைவு.

பகலுக்கு நான் கொடுத்த இடம் குறைவு என்று தூசியைக் காட்டி மறுக்கலாம். கொலராடோ பீடபூமியின் பாலைநிலத் தூசி வசந்தப் புயல்களில் பறந்து வந்து பனிமேல் பழுப்பாகப் படிகிறது. அது வெயிலை உறிஞ்சுவதால் கொலராடோவின் சான் வான் மலைகளில் பனி 18 முதல் 35 நாட்கள் முன்னதாகவே மறைகிறது என்று தாமஸ் பெயின்டரின் குழு 2007இல் கணக்கிட்டது. தூசி படிந்த சரிவில் நல்ல பனி நிற்கும் ஒரு மணி நேரம் அரை மணியாகிவிடும். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்பதைப் பகல் முடிவு செய்கிறது, மறுக்கவில்லை. அப்படி ஒரு நேரம் இருக்கிறதா இல்லையா என்பதை இரவுதான் முடிவு செய்கிறது. பனியின் ஆழமும் இதற்கு ஈடாகாது: 2022-23இல் கலிஃபோர்னியாவின் மேமத் மலையில் வரலாறு காணாத பனி கொட்டி ஆகஸ்ட் 6 வரை லிஃப்ட் ஓடியது, ஆனால் ஐந்து மீட்டர் ஆழமிருந்தாலும் மேற்பரப்பு உறையாத காலையில் அது சேறுதான். பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எவ்வளவு பனி விழுகிறது, எப்போது மறைகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. 1950க்குப் பிறகு உலகின் நிலப்பரப்பில் இரவுகள், மொத்தத்தில், பகல்களைவிட வேகமாகச் சூடேறி வந்திருக்கின்றன. பனி போதிய அளவு கிடக்கும் ஒரு மே மாதத்திலும் இறுகும் இரவுகள் குறைந்தால், ரிசார்ட் எத்தனை நாள் திறந்திருந்தது என்ற கணக்கில் அது தெரியாது. செங்குத்துச் சரிவுகளின் வாசலில் காலையிலேயே கயிறு கட்டி மூடிவைத்த நாட்களை எண்ணினால்தான் தெரியும்.